தெரிந்ததை மறைக்கச் சொல்லாதீர்கள்: திருப்பூர் ஏற்றுமதி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவன முதலாளிகளுக்கு,

நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குப் போகும் மெயிலில் தாமதம், சாயக் கோளாறு, தரக் குறை பற்றி எம்.டி.யின் அனுமதி இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று, அவர்களோடு பேசி ஆர்டரை நடத்தும் மெர்ச்சண்டைசர்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறீர்கள். எங்கள் கம்பெனியில் அது தாளிலேயே வந்தது, கையெழுத்தும் வாங்கினார்கள். வேறு கம்பெனிகளில் இருக்கும் நண்பர்களிடம் விசாரித்தேன். சில இடங்களில் வாய்மொழியாகச் சொல்லியாகிவிட்டது என்கிறார்கள். "பிரச்சினை வந்தா நாங்க பேசிக்கறோம், நீங்க எழுதிக் கெடுத்துராதீங்க" என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படும் காரணம். இந்த உத்தரவு தவறு. கம்பெனிக்கும் கெடுதல், எங்களுக்கும் கெடுதல். பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நிறத்துக்கான சாய மாதிரியான லேப் டிப் அனுப்புவதில் ஆரம்பித்துத் தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும் வரை பையரிடம் தினமும் பேசுகிறவர்கள் நாங்கள்தான். ஜெர்மனி, நெதர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் என்று பல நாட்டு ஆர்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையர் ஏன் ஒரு கம்பெனியை விட்டுப் போகிறார் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். விலைக்காகப் போனவர்கள் அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ திரும்பி வந்ததுண்டு. தெரிந்தே தன்னிடம் மறைத்தார்கள் என்று போனவர் யாரும் என் கண்ணெதிரில் திரும்பி வரவில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெர்மன் பையரின் நேவி கலர் ஸ்வெட்ஷர்ட். லேப் டிப் அப்ரூவல் ஆகி, பல்க் டையிங் (மொத்தத் துணிக்கும் சாயமேற்றுவது) முடிந்து துணி வந்தது. பல வகை விளக்கில் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்து டி65 விளக்கில் பார்த்தால், அப்ரூவ் ஆன மாதிரித் துண்டும் பல்க் துணியும் ஒன்று போலவே இருந்தன. டி.எல்.84-க்கு மாற்றியதும் பல்க் துணி சிவப்பு அடித்தது. டி65 பகல் வெளிச்சத்துக்கானது. டி.எல்.84 ஐரோப்பாவில் கடைக்குள் எரியும் விளக்குக்கானது. லேப்பில் ஒரு சாயக் கலவையும் பல்க்கில் வேறு கலவையும் போட்டால் இப்படி ஆகும் என்பது எந்த டையிங் மாஸ்டருக்கும் தெரியும். முதலாளி வந்தார். துணியை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்குது, கட்டிங் போடு" என்றார்.

அந்த ஸ்டைலைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண். படிப்பு முடித்து வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஷேடு பேண்ட் (நிற வேறுபாட்டைக் காட்டும் துணி மாதிரிகள்) அனுப்பிப் பையரிடம் கேட்டுவிடலாம் சார், கப்பலுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது" என்றாள். நானும் அதையே சொன்னேன். "இப்பக் கேட்டா ரிஜெக்ட்டுன்னுதான் சொல்லுவான். தெச்சு முடிச்சுட்டா வேற வழியில்லாம எடுத்துக்குவான்" என்று பதில் வந்தது. வாராவாரம் போகும் ஸ்டேட்டஸ் மெயிலில் துணி சரியாக இருப்பதாகவே அவளை எழுத வைத்தார்கள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பையரின் க்யூ.சி. (தரம் பார்ப்பவர்) லைட் பாக்ஸில் முதலில் தட்டியது டி.எல்.84 ஸ்விட்ச்சைத்தான். முழுச் சரக்கும் ஃபெயில்.

மறுபடி துணி ஓட்டி, சாயமேற்றி, தைத்து, ஏர் பிடித்து விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் போய், கைக்காசும் போனது. பையர் போனில் கேட்டதை மறக்க முடியவில்லை. சாயத்தில் கோளாறு வருவது சகஜம்தான் என்றார். அப்புறம் கட்டிங் போட்ட தேதியைக் கேட்டார். அன்றைக்கே உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த யாரும் வாய் திறக்கவில்லை. அந்த சீசனோடு அவர் போய்விட்டார். "பையரைச் சரியா ஹேண்டில் பண்ணலை" என்று சொல்லி அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

முதல் வாரமே கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அது வேறொரு உடையோடு நிறம் பொருத்திச் செட்டாக விற்கும் உடை இல்லை. முழு லாட்டும் ஒரே ஷேடாக இருப்பதால் அப்படியே ஏற்றுக்கொள்ள வாய்ப்பு இருந்தது. முடியாது என்று சொல்லியிருந்தாலும் மறு சாயத்துக்கு நேரம் இருந்தது, கப்பலிலேயே போயிருக்கும். சொல்லாததால் மிச்சமானது ஒரு சங்கடமான மெயில் மட்டும்தான்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த ஊர் வளர்ந்ததே வாய்ச்சொல்லில்தான். நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி, தையல், செக்கிங் என்று ஒரு டி-ஷர்ட் எத்தனையோ கை மாறுகிறது. பெரும்பாலான கைகளுக்கு நடுவில் ஒப்பந்தத் தாள் என்று ஒன்றும் கிடையாது. டையிங்காரர் "வியாழக்கிழமை துணி வந்துருமுங்க" என்றால் அது சனிக்கிழமைதான் என்று நமக்குத் தெரியும். நாமும் இரண்டு நாள் முன்கூட்டியே தேதி சொல்லியிருப்போம் என்று அவருக்கும் தெரியும். சங்கடமான செய்தியை முகத்துக்கு நேராகச் சொல்லாமல் இருப்பது இங்கே மரியாதை. சனிக்கிழமையும் துணி வரவில்லையா, பைக்கை எடுத்துக்கொண்டு போய் டையிங் வாசலில் நின்றுவிடலாம். அவருடைய மச்சான் நமக்குப் பழக்கமாக இருப்பார். அடுத்த முகூர்த்தத்தில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். இத்தனையும் பின்னால் தாங்கி நிற்பதால்தான் அந்தப் பேச்சு இங்கே செல்லுபடியாகிறது. இதைக் குறையாகவே நான் நினைக்கவில்லை. கையில் முதல் இல்லாமல் நான்கு தையல் மெஷினோடு ஆரம்பித்தவர்கள் இந்த நம்பிக்கையில்தான் முதலாளி ஆனார்கள்.

ஹாம்பர்க்கில் உட்கார்ந்திருக்கும் பையருக்கு இதில் எதுவுமே கிடையாது. அவரால் பைக்கில் வந்து நிற்க முடியாது. உங்கள் மச்சானை அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது உங்கள் மெயில் ஒன்றுதான். அதை நம்பித்தான் கடையில் இடம் ஒதுக்குகிறார், போட்டோ ஷூட் வைக்கிறார், கிடங்கில் இறக்கும் தேதியைக் குறிக்கிறார். ஜெர்மனியின் டிஸ்கவுன்ட் கடைகளில் எந்த வாரம் எந்தப் பொருள் விற்பனைக்கு வரும் என்று முன்கூட்டியே துண்டுப் பிரசுரம் அச்சடித்து விடுவார்கள். அந்த வாரம் சரக்கு வரவில்லை என்றால் அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு பொருள் இருக்கும். இரண்டு வாரம் தாமதமாகும் என்பதைக் கப்பலுக்கு ஒன்றரை மாதம் முன்னால் சொன்னால் அவர் பிரசுரத்தை மாற்றிக்கொள்வார். கப்பலுக்கு முந்தின வாரம் சொன்னால் அவருக்கு இருப்பது ஏர் ஒன்றுதான், அந்தச் செலவு நம் தலையில்தான் விழும். செய்தி அதேதான். சொன்ன நாள்தான் அதன் விலையை மாற்றுகிறது.

இதை ஐரோப்பியர்கள் மேலானவர்கள், நாம் மட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊருக்குள் எப்படி வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். அவர்களிடம் பேசும்போது அவர்களுக்குப் புரிகிற மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஜாப் ஒர்க்கில் இருக்கிறது. லைன் நிரம்பிவிட்டால் இரண்டாயிரம் பீஸைப் பக்கத்துத் தெருவில் இருக்கும் யூனிட்டுக்குக் கொடுத்துத் தைத்து வாங்குவது நமக்குச் சாதாரணம். அந்த யூனிட்டும் பிழைக்கிறது, நம் ஷிப்மென்ட்டும் போகிறது. பையரிடம் சொல்லாமல் இதைச் செய்தால் அவர் கணக்கில் அது மன்னிக்க முடியாத குற்றம். ஏன் இவ்வளவு கடுமை என்று என்னிடம் கேட்ட முதலாளிகள் உண்டு. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தங்கள் துணி அந்தக் கட்டடத்தில் தைக்கப்பட்டதா இல்லையா என்று உடனே பதில் சொல்லக்கூட முடியாமல் சில பிராண்டுகள் நின்றன. அதற்கப்புறம் அவர்கள் ஊரில் பத்திரிகையும் மக்களும் கேட்ட கேள்வி இன்னும் ஓயவில்லை. ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல் சப்ளை செயின் சட்டமே நடைமுறைக்கு வந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்குத் தருகிறவர்களிடம் மனித உரிமை மீறல் நடக்கிறதா என்று கவனிக்க அது கடமைப்படுத்துகிறது. ஆக, அந்தப் பக்கத்துத் தெரு யூனிட்டின் பெயரை மறைப்பது நமக்கு ஒரு சின்ன விஷயம், அவருக்கு அது தன் வேலையே போகிற விஷயம். ஆர்டர் எடுக்கும்போதே "இந்த இரண்டு யூனிட்டிலும் தைப்போம், வந்து ஆடிட் செய்துகொள்ளுங்கள்" என்று எழுதினால், பல பையர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். நானே அப்படி அனுமதி வாங்கியிருக்கிறேன்.

பையருக்காகத் தொழிற்சாலையின் வேலைச் சூழலைச் சோதிக்கும் ஆடிட் என்றதும் இன்னொன்று. ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் தையல்காரர்களை நிற்க வைத்து, ஓவர்டைம் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்துகிறோம். ஒரே வாக்கியத்தை எட்டுப் பேர் வரிசையாகச் சொன்னால் ஆடிட்டருக்குப் புரியாமலா போகும்? ஓவர்டைம் அதிகமாகிவிட்டது, இந்த மாதத்தில் இந்தக் காரணத்தால் ஆனது, இப்படிக் குறைக்கப் போகிறோம் என்று நேராகச் சொன்னால் திருத்தத் தவணை கிடைக்கிறது. பொய்க் கணக்கைக் கண்டுபிடித்தால் தவணை கிடைப்பதில்லை.

இனி, நாட்டுக்கு நாடு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றி. ஆளுக்கு ஆள் மாறும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் திரும்பத் திரும்பப் பார்த்ததைச் சொல்கிறேன்.

டச்சுக்காரரும் ஜெர்மன்காரரும் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் "இந்தத் தையல் மோசம்" என்பார்கள். நம் முதலாளிக்கு முகம் சுருங்கிவிடும். சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். திட்டிய அதே ஆள் ஐந்து நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்டைலை எடுப்பார், ஏனென்றால் அவர் பேசியது தையலைப் பற்றி மட்டும்தான். பதிலுக்கு அவருக்கு வேண்டியது வருத்தம் இல்லை. எந்த மெஷினில் வந்தது, எத்தனை பீஸில் இருக்கிறது, எப்போது சரியாகும் என்ற மூன்று விவரம்தான்.

இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு நேர் எதிர். நன்றி சொல்லி ஆரம்பித்து நன்றி சொல்லி முடிப்பார்கள். நடுவில் கொஞ்சம் கவலையாக இருக்கிறது என்று மெதுவாக ஒரு வரி இருக்கும். "பரவால்ல, பையர் கூலாத்தான் இருக்காரு" என்று அதைத் தள்ளிவிட்ட கம்பெனியில் நான் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து அவர்களிடமிருந்து வரும் கடைசி எச்சரிக்கை அந்த ஒரு வரிதான். அமெரிக்கர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, சரக்குத் தருகிறவர்களுக்கான அவர்களுடைய விதிப் புத்தகமான வெண்டர் மேனுவலில் எல்லாம் இருக்கிறது. கேன்சல் தேதி என்று போட்டிருந்தால் அது கேன்சல் தேதிதான், அதைத் தாண்டினால் ஆர்டர் ரத்து.

ஜப்பானியர்களிடம் நாம் அதிகம் தோற்றிருக்கிறோம், அதுவும் நல்ல எண்ணத்தோடு தோற்றிருக்கிறோம். விலை சொன்னதும் அவர்கள் பேசாமல் இருப்பார்கள். காலரைத் திருப்பிப் பார்ப்பார்கள், குறிப்பேட்டில் எழுதுவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். நம்மால் அந்த மௌனத்தைத் தாங்க முடிவதில்லை. அவர்கள் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் ஒரு முதலாளி தானாகவே பீஸுக்கு 10 சென்ட் குறைத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர்கள் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்காமலே இறங்கிய விலையைப் பார்த்ததும், முதலில் சொன்ன விலை எந்த அளவுக்கு உண்மை என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிட்டது. அடுத்து வந்த கேள்விகள் எல்லாம் விலைக் கணக்குத் தாளான காஸ்டிங் ஷீட்டைப் பிரித்துப் போட்டுக் கேட்டவை.

அதே ஜப்பானியர்கள் விஷயத்தில் நாம் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். துணியில் ஊசி முனை ஒன்று இருந்துவிட்டால் அவர்களுக்கு அது கொலைக் குற்றத்துக்குச் சமம். 1995-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பொருள் பொறுப்புச் சட்டப்படி, பொருளின் குறையால் யாருக்காவது காயம் பட்டால் அதைச் செய்தவரோ இறக்குமதி செய்தவரோ நஷ்டஈடு தர வேண்டும். அதனால்தான் ஒடிந்த ஊசியின் துண்டுகளை எல்லாம் பொறுக்கி ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும் என்கிறார்கள். ஒரு தடவை ஒரு ஊசியின் முனை மட்டும் கிடைக்கவில்லை. லைன் சூப்பர்வைசர் அந்த மெஷினைச் சுற்றியிருந்த பண்டில்கள் அத்தனையையும் நிறுத்தி, ஊசித் துண்டைக் காட்டும் நீடில் டிடெக்டரில் ஓட்டி, அப்படியும் முனை கிடைக்காததால் அந்தப் பீஸ்களைத் தனியாகக் கட்டி வைத்தார். நடந்ததை நாங்கள் அன்றே பையருக்கு எழுதினோம். எப்படி நடந்தது, யார் பார்த்தார், இனி என்ன செய்வீர்கள் என்று மூன்று நாளுக்குக் கேள்வி மேல் கேள்வி வந்தது. பொறுமையாகப் பதில் சொன்னோம். பணம் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட் ஒன்றுகூட வரவில்லை. அடுத்த சீசனில் குழந்தைகள் உடையையும் சேர்த்து எங்களுக்கே கொடுத்தார்கள்.

பையர் நேரில் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? வாசலில் மாலை, சந்தனம், ஷால். அது நம் வழக்கம், அதில் தப்பில்லை. பிறகு மதியம் இலை போட்டு விருந்து, பரிசுப் பை. அவர் ஊரில் இருப்பது ஒரு நாள். அதற்குள் டையிங், கட்டிங், தையல் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருப்பார். இரண்டு மணி நேரம் சாப்பாட்டு மேஜையிலேயே போய்விடுகிறது. பரிசு வாங்கக் கூடாது என்று பல நிறுவனங்களில் விதியே இருக்கிறது, அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர் கட்டிங் மாஸ்டரிடம் ஒன்று கேட்பார், முதலாளி பதில் சொல்வார். மெர்ச்சண்டைசரிடம் கேட்பார், அதற்கும் முதலாளியே பதில் சொல்வார். முதலாளி இருக்கும்போது மற்றவர் பேசுவது நமக்கு மரியாதைக் குறைவு. பையர் கண்ணுக்கோ, இந்த ஆட்களை இவர் பேச விடவில்லை, அப்படி என்ன மறைக்கிறார் என்றுதான் தோன்றும். வருடக்கணக்கில் தன்னோடு மெயிலில் பேசிய பெண் சுவரோரமாக நிற்பதையும் அவர் கவனிக்கிறார். அவளுக்கு ஏன் நாற்காலி இல்லை என்று ஒரு டச்சுப் பெண் பையர் என்னிடமே கேட்டார்.

விடுமுறை விஷயத்திலும் இதே மறைப்புத்தான். சீனப் புத்தாண்டுக்கு ஆலைகள் மூடும் என்பது பையர்களின் சீசன் காலண்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதற்கேற்ப ஆர்டரை முன்னால் தள்ளுவார்கள். சீனக்காரர்கள் சொன்னார்கள், அதனால் அங்கே இருக்கிறது. தீபாவளிக்கு போனஸ் பட்டுவாடா ஆனதும் இந்த ஊர் காலியாகிவிடும் என்பதை நாம் எத்தனை பையரிடம் சீசன் ஆரம்பத்தில் எழுத்தில் சொல்லியிருக்கிறோம்? சொன்னால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும் என்று பயந்து ஷிப்மென்ட் தேதியை ஒத்துக்கொள்கிறோம். 2025-இல் அக்டோபர் 20 தீபாவளி. அது முடிந்த கையோடு பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சத் பூஜை. நவம்பர் 6, 11 தேதிகளில் பீகாரில் ஓட்டுப்பதிவு. ஊருக்குப் போன பீகார் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வருவோம் என்றார்கள். பண்டிகைத் தேதிகள் முன்கூட்டியே தெரிந்தவை, தேர்தல் வரப் போவதும் தெரிந்ததுதான். நவம்பர் முதல் வார ஷிப்மென்ட்டை ஒத்துக்கொண்டுவிட்டு, அப்புறம் "ஆளில்லை" என்று கடைசி நேரத்தில் மெயில் போட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பொங்கலிலும் இதே கதைதான்.

சொன்னால் டிஸ்கவுன்ட் கேட்பார்கள் என்கிறீர்கள். கேட்பார்கள்தான், நான் மறுக்கவில்லை. 2020-இல் அவர்கள் நமக்குச் செய்ததையும் நான் மறக்கவில்லை. கொரோனா வந்ததும் தைத்து வைத்த சரக்கையே வேண்டாம் என்றவர்கள் உண்டு, அனுப்பிய சரக்குக்குப் பணம் தராமல் இழுத்தவர்கள் உண்டு. ஆனால் அப்போது நம்மை அதிகமாக அடித்தது யார் என்று யோசியுங்கள். கடை மூடப் போகிறோம், கட்டிங்கை நிறுத்துங்கள் என்று மார்ச்சிலேயே சொன்ன பையரால் நமக்கு நூலும் துணியும்தான் தேங்கியது, அதை வேறு ஆர்டருக்குப் பயன்படுத்திக்கொண்டோம். மெயிலுக்குப் பதிலே போடாமல் இருந்தவர்களின் லேபிளோடு தைத்த சரக்கை விற்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. அந்த மௌனத்துக்கு நீங்கள் எவ்வளவு கோபப்பட்டீர்கள் என்று பார்த்தவன் நான். அதே மௌனத்தைத்தான் இப்போது எங்களைக் கடைப்பிடிக்கச் சொல்கிறீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நான் இருந்த கம்பெனியில் அந்த வாரமே எல்லாப் பையருக்கும் எழுதினோம். எதனால் மூடினார்கள், எப்போது திறக்கும் என்று தெரியாது, எங்களால் செய்ய முடிந்தது இவ்வளவு என்று எழுதினோம். ஒரு பையர் கலர்களைக் குறைத்துக்கொண்டார். இன்னொருவர் இரண்டு ஸ்டைலைச் பஞ்சிலேயே நிறமேற்றியதால் துணிக்குச் சாயம் வேண்டாத மெலாஞ்ச் நூலுக்கு மாற்றினார். ஒருவர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போனார். மூவரில் இருவர் நின்றார்கள். இந்த ஊர் சந்தித்த மிகக் கெட்ட செய்தியைச் சொல்லிவிட்டு நாங்கள் பிழைத்தோம். ஒரு லாட் ஷேடு மாறியதைச் சொல்வதற்கா பயம்?

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியதும், அமெரிக்க ஆர்டரை மட்டும் நம்பியிருந்த கம்பெனிகள் ஐரோப்பாவையும் இங்கிலாந்தையும் தேடி ஓடின. அதற்கு முந்தின மாதம், ஜூலையில், இங்கிலாந்தோடு வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தானது. புதுப் பையர்கள் வருகிறார்கள், முதல் ஆர்டரை வைத்துத்தான் நம்மை எடை போடப் போகிறார்கள். இன்னொரு பக்கம், 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் ஆரம்பித்த பிறகு கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய் ஐரோப்பா சேர இரண்டு வாரம் வரை கூடுதலாக எடுத்ததைப் பார்த்தோம். கடலில் ஆகும் நாட்கள் கூடக் கூட, கரையில் நாம் செய்தி சொல்ல வேண்டிய நாளும் முன்னால் வருகிறது. இந்த நேரத்தில் போய் மெர்ச்சண்டைசரின் வாயைக் கட்டுகிறீர்கள்.

நான் கேட்பவை இவை.

முதலில், அந்த உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். தாளில் போட்டவர்கள் தாளிலேயே ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக வேறு விதி வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதி குறிக்கும் டைம் அண்ட் ஆக்‌ஷன் ஷீட்டில் எந்த வேலையாவது மூன்று நாளுக்கு மேல் பின்தங்கினாலும், துணியிலோ தையலிலோ குறை தெரிந்தாலும், இரண்டு வேலை நாளுக்குள் பையருக்கு மெயில் போக வேண்டும். காரணம், எத்தனை பீஸ், புதுத் தேதி, நாம் தரும் மாற்று வழி என்று நான்கும் அதில் இருக்க வேண்டும். மெயிலை அனுப்புவதற்கு முன்னால் உங்களுக்குக் காட்டுகிறோம், சொற்களைத் திருத்துங்கள், விலை பேசுவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செய்தியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஜாப் ஒர்க் போகும் யூனிட்டுகளின் பெயரை ஆர்டர் உறுதி செய்யும் நாளிலேயே பையரிடம் கொடுங்கள். அந்த யூனிட்டில் கழிப்பறையும் அவசர வழியும் சரியில்லை என்றால் பெயரை மறைக்காமல் அவற்றைச் சரிசெய்யப் பணம் கொடுங்கள்.

அடுத்த சீசன் ஆர்டர் பேசும்போது தீபாவளி, பொங்கல், சத் பூஜை, ஹோலி தேதிகளைப் போட்டு ஒரு காலண்டரை எல்லாப் பையருக்கும் அனுப்புங்கள். இதை ஒரு கம்பெனி தனியாகச் செய்தால் பயம் இருக்கும். ஊரிலுள்ள எல்லா முதலாளிகளும் சேர்ந்து ஒரே காலண்டரை அனுப்புங்கள்.

பையர் வரும் நாளில் எங்களுக்கு மேஜையில் இடம் கொடுங்கள். கட்டிங் மாஸ்டர், டையிங் இன்சார்ஜ், அந்த ஸ்டைலைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் மூவரும் உட்காரட்டும், அவரவர் வேலையைப் பற்றி அவரவர் பேசட்டும். மெர்ச்சண்டைசர்களுக்கு மட்டும் வெளிநாட்டுப் பழக்கவழக்கம் பற்றி வகுப்பு எடுக்க ஏற்பாடு செய்கிறீர்கள், அதே வகுப்பில் நீங்களும் வந்து உட்காருங்கள்.

கடைசியாக, மறைக்கச் சொன்னது நீங்களாக இருக்கும்போது, மாட்டிக்கொண்டதற்காக எந்த மெர்ச்சண்டைசரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது. குறையை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் யார் என்பது அந்த ஆர்டரின் ஃபைலிலேயே எழுதப்பட வேண்டும். இந்த மாத இறுதிக்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மூத்த மெர்ச்சண்டைசர்
திருப்பூர்